புகைபோக்கி இல்லாத ஊர்

கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங்கில் ஈயம் உருக்கிய உலை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நகராண்மைக் கழகம் இருக்கிறது, பேரங்காடி இருக்கிறது, எல்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. புகைபோக்கி மட்டும் இல்லை. வேல்ஸ் நாட்டு சுவான்சிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1810இல் தொடங்கிய ஹாஃபாட் செம்பு உருக்காலை அங்கே 1980 வரை ஓடியது. மூடியபின் புதர் மண்டிக் கிடந்தாலும் எஞ்சின் வீடும் புகைபோக்கியும் தப்பிவிட்டன. 2023இல் அதே வளாகத்துக் கட்டடமொன்றில் விஸ்கி வடிசாலை வந்துவிட்டது. ‘இங்கேதான் உருக்கினோம்’ என்று விரல் நீட்ட அவர்களுக்குச் செங்கல் இருக்கிறது.

நமக்கு மிஞ்சியவை குட்டைகள், ஒரு கோயில், ஒரு ரயில் தடம், கடன் கொடுத்தவர்களின் தெரு. இவற்றை எந்தப் பலகையும் ‘ஈயத் தொழிலின் எச்சம்’ என்று சொல்வதில்லை.

*

1857. கிள்ளானின் ராஜா அப்துல்லாவும் லுக்குட்டின் ராஜா ஜுமாஅட்டும் மலாக்காவிலிருந்த இரண்டு சீன வணிகர்களிடம் 30,000 டாலர் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் 87 சீனத் தொழிலாளர்கள் படகேறி, கிள்ளான் ஆற்றில் எதிர்நீச்சலாக வந்தார்கள். கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில், இன்று மஸ்ஜித் ஜாமெக் நிற்கும் இடத்தில், படகை விட்டு இறங்கிக் காட்டுவழியே அம்பாங்குக்கு நடந்தார்கள். ஒரே மாதத்தில் மிச்சம் 18 பேர். மற்ற 69 பேரையும் மலேரியா கொண்டுபோய்விட்டது. பிறகு இன்னும் 150 பேரை அனுப்பினார்கள். 1859இல் முதல் ஈயம் ஆற்றோடு இறங்கி விலைக்குப் போனது.

கோலாலம்பூர் வரலாறு என்று எதைப் புரட்டினாலும் இந்தக் கதை ஒரு பத்தியில் வந்துபோகும். சுரங்க முதலாளிகளில் யாப் ஆ லோய்க்குத் தெரு உண்டு, லோக் இயூவுக்குச் சாலை உண்டு. அந்த 69 பேருக்கு நகரத்தில் ஒரு சந்துகூட இல்லை. பெயர் தெரியாதவர்களுக்குச் சாலை வைப்பது சிரமம்தான். ஆனால் பெயர் தெரியாத படைவீரனுக்கு ஊர் ஊராக நினைவுச்சின்னம் வைக்கிறோமே.

*

அந்தக் கால உலையைப் பற்றிக் கொஞ்சம்.

ஈயமணல் பார்ப்பதற்குக் கறுப்பும் பழுப்புமாக இருக்கும். கையில் அள்ளினால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். சாதாரண மணலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் எடை. வேதியியல்படி அது வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த தாது. மரக்கரியோடு சேர்த்துக் கொளுத்தினால் கரி அந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், உலோகம் கீழே வடியும். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் வேலை சுலபம் என்று தோன்றும். அது உலோகமாகக் கிடைக்கும் ஈயத்துக்கு. தாதுவிலிருந்து பிரிக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குத்தான் துருத்தி.

சீனத் தொழிலாளர்கள் கட்டியது களிமண் உலை. ஆள் உயரத்துக்குச் சற்று முன்பின். வெடிக்காமலிருக்க மரச் சட்டமும் இரும்பு வளையமும் போட்டு இறுக்கியிருப்பார்கள். பக்கத்தில் துருத்தியாக ஒரு பெரிய மரத்தைக் குடைந்த குழாய். உள்ளே தண்டு போய் வரும். தண்டின் விளிம்பில் காற்றுக் கசியாமலிருக்கக் கோழி இறகு. ஆட்கள் முறைவைத்து இழுத்துத் தள்ள வேண்டும், நிறுத்தினால் உலை உறைந்துவிடும். மேலே கரி ஓர் அடுக்கு, ஈயமணல் ஓர் அடுக்கு. கீழே துளைவழியே வெள்ளியாக வடிவதை முன்னால் வெட்டிய குழியில் பிடித்து, அகப்பையால் மொண்டு, மணலில் அழுத்திய அச்சில் ஊற்றுவார்கள். அதுதான் ஈயக் கட்டி. கசட்டிலும் ஈயம் ஒட்டியிருக்கும், அதை உடைத்துத் திரும்ப உலையில் போடுவார்கள்.

இப்படிப்பட்ட உலை ஏன் மிஞ்சவில்லை என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். களிமண்ணும் மரமும் அத்தாப்புக் கூரையும்தான் மொத்தக் கட்டடமே. லம்பம் (ஈயச் சுரங்கத்துக்கு இங்கே அப்படித்தான் பேர்) வற்றினால் உலையை உடைத்து, சுவரில் ஒட்டிய ஈயத்தையும் சுரண்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். நம்முடைய வெப்பமண்டல மழை மீதியைப் பார்த்துக்கொண்டது.

ஆனால் உலைகள் ஒழிந்ததற்கு மழை காரணமில்லை. கரிக்காகக் காடு அழிகிறது என்று பிரிட்டிஷ் அரசு ஒருபக்கம் கெடுபிடி செய்தது. 1887இல் சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி பிறந்தது, 1890இல் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய பிரானித் தீவில் பெரிய உருக்காலையை ஓட்டத் தொடங்கியது. அவர்கள் தாதுவை லம்பத்திலேயே ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். கரி, துருத்தி, உலைக்காரர் என்று இத்தனை தலைவலி எதற்கு, மூட்டையில் கட்டிக் கொடுத்தால் கையில் காசு. தவுக்கேகள், அதாவது சீன முதலாளிகள், கணக்குப் பார்த்தார்கள், உலை அணைந்தது.

1886இலேயே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. பயணிகளுக்காகப் போட்ட பாதை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

*

1903இல் ஒரு வேடிக்கை. அமெரிக்க நிறுவனம் ஒன்று மலாயாத் தாதுவை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோய் உருக்கத் திட்டம் போட்டது. உடனே இங்கே ஏற்றுமதி வரி பாய்ந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் உருக்காமல் வெளியே போகும் தாதுவுக்கு எட்ட முடியாத வரி. அமெரிக்கக் கனவு அதோடு முடிந்தது. தடையற்ற வாணிபம் பேசிய பேரரசு தன் உலை என்று வந்தால் எப்படி வேலி போட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. அந்த வேலி பாதுகாத்ததும் சிங்கப்பூர், பட்டர்வொர்த், பினாங்கு உலைகளைத்தான். சிலாங்கூருக்குக் குழி மட்டும்.

*

அம்பாங் ஹிலிர் ஏரி. இப்போது பூங்கா. காலையில் ஓடுகிறவர்கள், மாலையில் தூண்டிலோடு சிலர். சுற்றிலும் விலை கேட்கவே பயப்பட வேண்டிய அடுக்ககங்கள். இது ஆதியில் ஈய லம்பக் குட்டை.

கரை அரித்த இடத்தில் குனிந்து பார்த்தால் தெரியும். மண் மண்ணாக இருக்காது. வெளுத்துப்போன, சத்தில்லாத மணல், கழுவிக் கழுவி எல்லாச் சாரத்தையும் எடுத்துவிட்ட மணல். புல்கூட அங்கங்கே திட்டாகத்தான் பிடித்திருக்கும். மண்ணைக் கொட்டி வளர்த்த புல்வெளி ஒரு பக்கம், அதன் ஓரத்தில் இந்த வெள்ளை.

லம்பத்தில் வேலை நடந்த விதமே இந்த மணலுக்குக் காரணம். குழாயில் தண்ணீரை விசையோடு பீய்ச்சிக் கரையை இடிப்பார்கள். சேறு பள்ளத்தில் சேரும். அதை எந்திரத்தால் உறிஞ்சி, உயரமான மரக்கால்கள் மேல் சரிவாக நிற்கும் நீளமான மரத்தொட்டிக்கு ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் பாலோங். குறுக்கே கட்டைகள் அடித்திருக்கும். தண்ணீர் ஓட ஓட லேசான மணல் கட்டையைத் தாண்டி வெளியேறிவிடும், கனமான ஈயமணல் கட்டையில் தங்கிவிடும். வெளியேறியதுதான் இந்தக் கரை. பாலோங் விட்டுவைத்ததையும் விடாமல் ஓடையில் நின்று டூலாங் தட்டில் அலசி எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதற்கு அரசு உரிமச் சீட்டு வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நாள்முழுக்கக் குனிந்து நிற்பதற்கு உரிமம்!

ஈயம் போக மிஞ்சும் கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அதில் இல்மனைட், மோனசைட், சிர்கான் எல்லாம் உண்டு. மோனசைட்டில் தோரியம். இதற்குக் கீழே வருகிறேன்.

சன்வே லகூன், சுங்கை பீசி பக்கத்து மைன்ஸ் ஏரி, இப்படி கிள்ளான் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் தண்ணீரில் பாதி லம்பத் தண்ணீர்தான். மைன்ஸ் இருந்த சுங்கை பீசி லம்பம், உலகத்தின் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் எடுத்தது. இன்று படகுச் சவாரி.

*

அம்பாங்கின் நவதெய்வக் கோயில், நான் தியான் கோங். 1862இல் தோன்றியதாகக் கோயிலார் சொல்கிறார்கள். அதாவது முதல் ஈயம் விலைபோய் மூன்றே வருஷம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், முதல் ஒன்பது நாள் வெள்ளை உடுத்து, சைவம் காத்து வருகிறார்கள். தீமிதியும் உண்டு. நம்மவர்கள் சிலரும் போவார்கள், சைவ உணவுக் கடைகளுக்காக மட்டும் போகிறவர்களும் உண்டு, நான் இரண்டாம் வகை. தொழில் போனபின்னும் அதே இடத்தில் அதே காரியம் தொடர்ந்து நடப்பது இங்கே இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் வேறு வேலைக்கு மாறிவிட்டன.

*

லெபோ அம்பாங். நம்மவர்களுக்குச் செட்டித் தெரு. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திலிருந்து நாலு எட்டு.

இந்தத் தெரு ஏன் அம்பாங் பெயரோடு இருக்கிறது என்பதே ஒரு வரலாறு. லம்பங்களுக்குப் போகும் வழியின் தலைப்பு இது. போகிறவனுக்கு முதலில் பணம் வேண்டும். நகரத்தார் கிட்டங்கிகள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தன. நீளமான கூடம், வரிசையாகப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு தொழில், அதற்கு ஒரு மேலாள், பெட்டியடிப் பையன், தரையில் உட்கார்ந்து கணக்கு. சீனத் தவுக்கே இங்கே நோட்டெழுதிக் கொடுத்து வாங்கிய பணம் அம்பாங்கில் அரிசியாகவும் அபினியாகவும் பம்பாகவும் மாறி, ஈயமாகத் திரும்பியது. வங்கிகள் சின்ன லம்பக்காரனைத் திரும்பிப் பார்க்காத காலம்.

உலை, குழி, தண்ணீர் எல்லாம் சீனத் தொழிலாளர் வேலை, நம்மவர்கள் ரப்பர்த் தோட்டத்திலும் ரயிலிலும் ரோட்டிலும் இருந்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெருமளவுக்குச் சரிதான். ஆனால் அந்த ஈயத்தில் நகரத்தார் வட்டி கலந்திருக்கிறது. இதைப் பெருமையாகவும் சொல்லலாம், வேறு விதமாகவும் சொல்லலாம். கடன் கட்ட முடியாமல் போனவனிடம் கேட்டால் வேறு விதமாகத்தான் சொல்வான்.

இப்போது தெருவில் நாணயமாற்றுக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், பூச்சரம். ஒரு பழைய கட்டடத்தின் முகப்பில் சுதையில் மயில்கள் இருக்கின்றன. கீழே நிற்கும் கூட்டத்தில் யாரும் தலையைத் தூக்குவதில்லை.

*

கா. தம்புசாமிப் பிள்ளை. பத்துமலைக்காக அவரை எல்லோருக்கும் தெரியும், மகாமாரியம்மன் கோயிலைத் தொடங்கியவர் என்றும் தெரியும். லம்பக்காரர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனோடு 1875இல் இங்கே வந்தவர். கருவூலத்தில் வேலை பார்த்தார், ரயில்பாதைக்கு இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும் பொறுப்பைப் பார்த்தார். பிறகு லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈய லம்பம் நடத்தினார்.

லம்பத்துக்கு எதிரி தண்ணீர். எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு ஊற்று. அதை இறைக்க 1894இல் அவர்கள் ரவாங்கில் மின்சாரப் பம்பு வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் முதலில் எரிந்த இடம் என்று ரவாங்குக்குப் பெயர் கிடைத்தது இப்படித்தான். ரெசிடெண்ட் மாளிகைக்கோ கிளப்புக்கோ வராத மின்சாரம் சேற்றுக்குழிக்கு வந்தது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கே மறு வருஷம்தான். மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதுகிறவர்கள் தைப்பூசத்துக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கட்டும், சந்தோஷம். இந்தப் பம்புக்கு நாலு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

*

அம்பாங் தடத்து எல்.ஆர்.டி. 1996இல் ஓடத் தொடங்கியது. புதுப் பாதை என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறோம். அதன் பெரும்பகுதி பழைய அம்பாங் ரயில் கிளையின் தடம். லம்பக்காரர்களுக்காக ஒதுக்கிய நிலம் கெடாமல் கிடந்ததால்தான் அடுக்குமாடிகளுக்கு நடுவே ரயில் நுழைய முடிந்தது.

ஜாலான் அம்பாங்கில் ஈயப் பணத்தின் மாளிகைகள் வரிசையாக இருந்தன. இயூ தோங் சென் 1935இல் கட்டியது இன்று சுற்றுலா மையம். 1959இல் சுதந்திர நாட்டின் முதல் நாடாளுமன்றம் கூடியதும் அந்த வளாகத்தில்தான். பக்கத்தில் 1929இல் எழுந்த போக் மாளிகையை 2006 டிசம்பரில் இடித்துவிட்டார்கள்.

*

பிரிக்ஃபீல்ட்ஸ் பாத்திரக்கடையில் ஈயச் சொம்பு கேட்டேன். கடைக்காரர் உள்ளேயிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். கும்பகோணத்துச் சரக்கு, கையால் தட்டியது, உடம்பெல்லாம் தட்டிய தடம்.

“அண்ணே, அசல் ஈயம்தானா? காரீயம் கலந்துடலையே?”

“காதுகிட்ட வச்சிப் பாருங்க அண்ணே” என்று ஒரு மெல்லிய தகட்டுத் துண்டை வளைத்துக் காட்டினார். கறகறவென்று சின்னதாக ஒரு சத்தம். வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளேயிருக்கும் படிகங்கள் முறுக்கிக்கொண்டு இப்படிக் கத்தும். காரீயம் கத்தாது.

வீட்டில் கொடுத்தால் முதல் கட்டளை: ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்பில் வை, வெறுமனே வைக்காதே. 232 டிகிரிதானே, எரிவாயு அடுப்பில் ஒரு நிமிஷம் அசந்தால் சொம்பு பர்னரில் வழியும். ரசம் கொதிக்கும்வரை நூறைத் தாண்டாது, சொம்பும் பிழைக்கும்.

செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் கூடத்திலும் இதே உலோகம்தான், வேறு உடுப்பு. 1885இல் சீனாவிலிருந்து வந்த யோங் கூன் என்ற ஈயக் கொல்லர் சாமி மேடைக்கு ஊதுவத்திக் கிண்ணமும் மெழுகுவத்தித் தண்டும் செய்து தொடங்கிய கடை. நூற்றுக்கு 97 பங்கு ஈயம், மீதி செம்பும் ஆண்டிமணியும். வெறும் ஈயம் மிகவும் குழைவு, அந்தத் துளிக் கலப்புதான் முதுகெலும்பு கொடுக்கிறது. வாசலில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு குவளை நிற்கிறது. எனக்கு அதைவிடச் சொம்பு பிடித்திருக்கிறது.

*

எச்சம் என்றால் எல்லாம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

பேராக்கின் புக்கிட் மேராவில் அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பதப்படுத்தி அரிய மண் தனிமங்கள் எடுக்க ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் ஓடத் தொடங்கியது. கதிரியக்கக் கழிவுக்கு எதிராக ஊர் மக்கள் வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள், ஆலை 1994இல் மூடப்பட்டது. தாய்லாந்தின் புக்கெட்டில் ஈயக் கசட்டிலிருந்து டாண்டலம் எடுக்கக் கட்டிய ஆலையை, அது ஓடுவதற்கு முன்பே, 1986 ஜூன் 23 அன்று மக்கள் கொளுத்திவிட்டார்கள். ஈயம் போன பிறகும் அது விட்டுச் சென்றது வழக்காடிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் 1996இல் தொடங்கிய ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை இப்போது பூட்டிக் கிடக்கிறது. 2018 மே 22 அன்றும் மறுநாளும் போராட்டக்காரர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், மே 28 அன்று அரசு முத்திரை வைத்தது. திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சுவான்சிபோல அங்கேயும் ஒரு நாள் யாராவது டிக்கெட் போட்டு உலையைச் சுற்றிக் காட்டக்கூடும். அப்போது அந்த 13 பேருடைய பெயரையும் எங்கே எழுதுவார்கள் என்பதுதான் என் கேள்வி.

*

1985 அக்டோபர் 24. சர்வதேச ஈயக் கவுன்சில் கையிருப்புக்கு வாங்கிக் குவித்து விலையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அன்று காசு தீர்ந்தது. லண்டனில் ஈய வாணிபம் நின்றது, விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாகப் பம்பை நிறுத்தின. பம்பு நின்றால் லம்பம் தானாகவே ஏரியாகிவிடும், யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

*

கடைசியாக ஒரு தகவல், பலருக்குத் தெரியாது. சிலாங்கூரில் இன்று ஈயம் உருக்குகிறார்கள்.

மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷன் பட்டர்வொர்த்திலிருந்து தன் உலையைப் போர்ட் கிள்ளான் பக்கத்து இண்டா தீவுக்குக் கொண்டுவந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் பழைய கிடையுலைகளுக்குப் பதிலாக, உருகிய குழம்புக்குள் மேலிருந்து நீண்ட குழாயை இறக்கி எரிபொருளையும் காற்றையும் ஊதும் ஒற்றை உலை. துருத்தியின் கொள்ளுப்பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனத்தின் தாய்வேர், அம்பாங் உலைகள் அணையக் காரணமாக இருந்த அதே ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங். பட்டர்வொர்த் நிலத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் சிட்டி என்று கட்டடங்களைத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு கிடையுலையையாவது கசட்டோடு விட்டுவைத்தால் நன்றாயிருக்கும். யாராவது கேட்டிருக்கிறார்களா தெரியவில்லை.

இண்டா தீவு உலைக்குத் தாது பேராக்கின் கிளியான் இந்தானிலிருந்து வருகிறது, ஆப்பிரிக்கா உள்ளிட்ட வெளிநாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது. அம்பாங்கிலிருந்து ஒரு பிடி மணல்கூட இல்லை. உலகம் உருக்கும் ஈயத்தில் ஏறக்குறைய பாதி பற்றவைப்புக்குப் போகிறது. கைப்பேசிக்குள் பச்சைப் பலகையில் மினுங்கும் புள்ளிகள் அதுதான்.